வாய்க்கால் பக்கக் கதவு

கீழப்பேட்டை ஜங்ஷனில் இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வண்டிதான். ஜங்ஷன் என்ற சொல் பெயர்ப் பலகையில் மட்டும் மிச்சம். பிரிந்துபோன கிளைப் பாதை கருவேலம் புதருக்குள் மறைந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓடு சரிந்த வீடுகளில் ஆடு கட்டுகிறார்கள். ஸ்டேஷன் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஃபஹ்மிதாவுக்கு இதில் பெரிய வருத்தம் கிடையாது. "கரித்தூள் படாம துணி காயுதுல்ல" என்பாள். அவள் அடம்பிடித்தது ஒரே விஷயத்துக்குத்தான். மகன் தௌபீக் முதல் தடவையாகக் கத்தாருக்குப் போகிறான். அவனை வாய்க்கால் கேட்டில் நின்று வழியனுப்ப வேண்டும்.

அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சபர் போகிறவனோடு, அதாவது பிழைப்புக்காகக் கடல் தாண்டுகிறவனோடு, ஸ்டேஷனுக்கு ஆண்கள் மட்டுமே போவார்கள். பெண்கள் ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலத்தை ஒட்டிய ரயில்வே கேட்டில் போய் நிற்பார்கள். பழைய பாலம், வண்டி அங்கே ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஊரும். போகிறவன் வண்டி போகும் திசைக்கு இடது கைக் கதவில் நின்று, மாமியார் வீட்டிலோ சொந்த வீட்டிலோ கொடுத்த பச்சைத் துண்டை ஆட்டுவான். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. பிளாட்பாரத்தில் அழுதால் ஊரே பார்க்கும், கேட்டில் அழுதால் நாற்றுக்கட்டு தூக்குகிறவர்கள்தான் பார்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்த மாதிரியும் இல்லை.

ஃபஹ்மிதா பிள்ளையாக இருந்தபோது ஊர் ரயிலை நம்பித்தான் இருந்தது. பிள்ளைகள் லோகோ ஷெட்டில் கொட்டுகிற சாம்பலில் அரைகுறையாக வெந்த கரியைப் பொறுக்கி, இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டு வாயில் முறுக்கோடு திரும்புவார்கள். உப்பு வேகன் நின்றால் அதன் அடியில் சிந்தியதை மாங்காய்க்கு அள்ளுவார்கள். கடற்கரைப் பக்கமிருந்து வரும் மாலை வண்டி அங்கே தலைமாறும். இன்ஜினைக் கழற்றி, வட்ட மேடையில் ஏற்றி, நாலைந்து பேர் தோள்கொடுத்துத் தள்ளித் திருப்பி, வண்டியின் மறுமுனையில் கொண்டுபோய் மாட்டுவார்கள். பிறகு வண்டி வந்த திசையிலேயே கொஞ்ச தூரம் போய்க் கிளைப் பாதையில் பிரியும். திருவாரூர்த் தேர் திரும்புவதைப் பார்க்கிற மாதிரி பிள்ளைகள் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள்.

அவளுடைய அத்தா காதர் மைதீன் நாகப்பட்டினத்துக்காரர். கல்யாணமாகி மாமனார் வீட்டோடு வந்தவர். ஃபஹ்மிதா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவர் சபர் போனார். கேட்டில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். வண்டிக் கதவில் பச்சைத் துண்டு ஆடியது. மறு வருஷமே அவர் அங்கே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆனார். வீட்டில் அவர் படம் ஒன்று உண்டு. ஆனால் அத்தா என்றதும் அவளுக்குப் படம் வராது, துண்டுதான் வரும்.

கணவர் ஷேக் பரீத் மஸ்கட்டுக்குப் போகத் தொடங்கியபோது பாதையை அகலமாக்க வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கார் வாசலுக்கு வந்தது. சந்து திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மறுபடி வண்டி ஓடுகிறது, மகன் போகிறான்.

"அம்மா, ஃபிளைட்டு திருச்சிலேர்ந்து. எனக்கு எதுக்கு ரயிலு?" என்றான் தௌபீக்.

"திருவாரூர் வரைக்கும் ரயில்ல போ. அங்கேர்ந்து கார் வச்சுக்க."

"கார்ல போறவன் ரயில்ல ஏன் ஏறணும்?"

"நான் பார்க்கறதுக்கு."

"வாசல்ல நின்னு பாருங்களேன்."

"வாசல்ல உன் மூஞ்சிய தினமும்தான் பார்க்கறேன்."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்து, கடைசியில் அவன் இறங்கி வந்தான். "சரி, துண்டையும் ஆட்டணுமா?"

"ஆட்டணும்."

"செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிடறேன், ஊரே சிரிக்கட்டும்."

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று பார்த்துவர ஃபஹ்மிதா கேட்டுக்குப் போனாள். எதிர் வீட்டில் இருக்கும் அக்கா சபிஹாவையும் இழுத்துக்கொண்டு போனாள். சபிஹா அவளைவிட ஐந்து வயது மூத்தவள், மூட்டு வலிக்காரி. கேட் கீப்பர் மேகலா வண்டிக்காகக் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, யாரும் வர்றாங்களா?"

"நாளைக்குப் போறாங்க. இன்னிக்கு ஒத்திகை" என்றாள் சபிஹா.

டெமு வண்டி வந்தது. பாலம் புதியது, பயமில்லை; வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒரு மஞ்சள் சட்டை, கதவுக் கம்பியில் ஒரு முழங்கை, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. முந்தானையைப் பிடித்து அடக்குவதற்குள் வண்டி போய்விட்டது.

"தெரிஞ்சுதா?" என்றாள் ஃபஹ்மிதா.

"காத்து தெரிஞ்சுது. இதுக்கா புள்ளைய அலைய விடுற?"

"மூஞ்சி தெரியாட்டி என்னக்கா? துண்டு தெரியும். அத்தா போனப்பவும் எனக்கு மூஞ்சி தெரியல. துண்டுதான் தெரிஞ்சுது. இத்தனை வருஷமும் அது போதுமாத்தானே இருந்துச்சு."

சபிஹா கேட் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "அது அத்தா துண்டு இல்லடி."

"என்ன சொல்ற?"

"அன்னிக்கு நான் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க. நீங்கள்லாம் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அத்தா என் பக்கத்துக் கதவுலதான் நின்னாரு."

நடந்தது இதுதான். இடது கைக் கதவு என்று மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். அது தலைமாறுகிற அந்த மாலை வண்டி. வந்து நின்றதுமே காதர் மைதீன் ஏறி, இன்ஜின் இருந்த பக்கம் பார்த்து நின்று, இடது கையைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளூர்க்காரன் இன்ஜின் மாறட்டும் என்று காத்திருந்து பிறகு இடம் பிடிப்பான். இன்ஜின் மறுமுனைக்குப் போனால் இடது வலதாகிவிடும் என்பதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால், வெளியூர் மாப்பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லை. அன்று அதே வண்டியில் இன்னும் இரண்டு பேர் சபர் போனார்கள். அவர்களிடமும் பச்சைத் துண்டுதான்.

"அப்ப அம்மா?"

"'நல்லா பார்த்துட்டேன், சிரிச்ச முகமாப் போறாரு'ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல? அடுத்த வருஷம் சேதி வந்துச்சு. அதுக்கப்புறமா சொல்லுவாங்க?"

ஃபஹ்மிதா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவைத் திட்டக்கூட வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு கேள்வி.

"அவரு என்ன பண்ணாரு?"

"வயலைப் பார்த்துத் துண்ட ஆட்டுனாரு. களை பறிச்ச பொம்பளை ஒருத்தி நிமிர்ந்து கையக் காட்டுனா. நான் பையைத் தூக்கி ஆட்டுனேன். என்னைப் பார்த்ததும் சிரிச்சாரு. ஆனா கண்ணு நிக்கல. உங்க ரெண்டு பேரையும் தேடிக்கிட்டே போனாரு."

"தேடினாரா?"

"பாலம் தாண்டுற வரைக்கும்."

கேட்டில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்றுதான் அவள் இத்தனை காலம் யோசித்திருந்தாள். கதவில் நிற்கிறவனுக்கு என்ன தெரிந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மேகலா கேட்டைத் திறந்து, இரண்டு டிராக்டர்கள் போய், சபிஹா "கால் வலிக்குதுடி" என்று சொன்ன பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தௌபீக்கிடம், "திருச்சிக்கே கார் சொல்லிடு" என்றாள்.

"துண்டு?"

"வேணாம். நானும் வர்றேன்."

சபிஹா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏர்போர்ட்டுக்கா? நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாரு போயிருக்கா?"

"கேட்டுக்குப் போனவங்க என்னத்தக்கா பார்த்தாங்க?"

மறுநாள் விமான நிலைய வாசலில் அவள் மகனை உடனே உள்ளே விடவில்லை. காவலுக்கு நின்றவரிடம் போய், "உள்ள போறவங்க திரும்பிப் பார்த்தா வெளிய எந்த இடம் தெரியும் சார்?" என்று கேட்டாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயை அடுத்த தூணைக் காட்டினார். தௌபீக்கை அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் எங்க நிப்பேன்?"

"இந்தத் தூண்கிட்ட."

"இன்னொரு தடவை சொல்லு."

"அம்மா, இந்தத் தூண்தான். மானம் போவுது."

சலாம் சொல்லி அவன் போனான். பாஸ்போர்ட்டைக் காட்டி, கண்ணாடிக் கதவைத் தாண்டித் திரும்பினான். அங்கே இங்கே தேடவில்லை. நேராகத் தூணைப் பார்த்தான். அவள் நின்றிருந்தாள். பின்னால் வந்தவர்களின் பெட்டிகள் மறைக்கும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.