சுவரில் எழுதியிருந்த சாய்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொன்னால் சிரிப்பார்கள், அதனால்தான்.

புனேயில், போசரி கம்பெனி ஒன்றில் பிட்டராக இருக்கிறேன். புது மிஷினைப் பழகிவர என்னைப் பத்து நாள் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கே உட்கார்ந்தாலும் வெந்நீர் கொடுக்கிறார்கள். வெறும் வெந்நீர். பாலும் சர்க்கரையும் போட்ட டீக்கு நாக்கு ஏங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொழிபெயர்ப்பாளர் லியூ என்னை பெய்ஜிங்கின் பழைய சந்துகளுக்குக் கூட்டிப்போனார். ஹூத்தோங் என்கிறார்கள். சாம்பல் நிறச் செங்கல் சுவர்கள், சாயம் போன சிவப்புக் கதவுகள், பாதி திறந்த கதவுக்குள் முற்றம், கொடியில் யாருடைய சட்டையோ. போன் வந்து லியூ பின்தங்கிவிட்டார். நான் நடந்துகொண்டே இருந்தேன். எங்கோ சைக்கிள் மணி கேட்டது. அடுத்த வளைவில் எங்கள் குழாயடி வந்துவிடும், என் மனைவி செல்வி வாளியோடு நிற்பாள் என்றே தோன்றியது.

நாங்கள் இருப்பது புனேயின் பழைய பேட்டையில், வாடா என்று சொல்லும் மரவீட்டில். முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடித்தனம், எல்லோருக்கும் ஒரே கக்கூஸ். அதை இடித்து லிப்ட் வைத்துக் கட்ட எட்டுக் குடித்தனம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எனக்கு மனசு வரவில்லை, நான் போடவில்லை. கிளம்பும் அன்று செல்வி சொன்னாள்: "ஏங்க, கக்கூசுக்கு நம்பர் போட்டு நின்னே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. நீங்க பேப்பரைப் பெட்டியில பூட்டிட்டு சைனாவுக்கு ஓடுறீங்க!"

ஒரு வாசலில் என் வயதுப் பெண் ஒருவர் வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் வெள்ளை வட்டத்துக்குள் பெரிதாக ஓர் எழுத்து. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, கத்திப்பிடியால் அதைத் தட்டி, "சாய்" என்றார்.

புனேயில் டீயை அப்படித்தானே சொல்கிறோம்! கூச்சத்தோடு விரலால் அளவு காட்டி, "பஸ், ஆதா கப்" என்றேன். அரை கப் போதும் என்று.

அவர் மறுபடி சுவரைத் தட்டினார். "சாய்! சாய்!"

விடமாட்டார் போலிருக்கிறது என்று படியில் உட்கார்ந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தார்.

அதற்குள் லியூ வந்து அவரோடு பேசினார். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "மிஸ்டர் வேலு, சாய் என்றால் இடிப்பது. இந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அரை கப் கேட்டிருக்கிறீர்கள்."

டம்ளரைப் படியில் வைத்தேன். அவருக்கு வருத்தமா என்று கேட்கச் சொன்னேன். "குளிர்காலத்தில் சந்துக்கோடிக் கக்கூசுக்கு நடந்திருக்கிறாயா என்கிறார்" என்றார் லியூ. அதைச் சொன்னபோதும் அந்தப் பெண்ணின் கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. மரத்தைச் சாய் என்கிறோமே, நம் தமிழிலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன், நான் புனேவுக்கு வந்த புதிதில் என்றால், அந்தச் சொல் என் காதில் தமிழாக விழுந்திருக்கும். உங்கள் ஊரிலும் இப்படிச் சந்து உண்டா என்று லியூ கேட்டபோது, விருதுநகரில் பிறந்த நான் வாடாவைப் பற்றியே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

புனே திரும்பிய மறுநாள் தாளில் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன். மராத்திக்காரரான வீட்டுச் சொந்தக்காரர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, இது என்ன எழுத்து என்று கேட்டார். என் பெயர் என்றேன்.