மூன்றாவது பேஸுக்குப் பின்னால் இரண்டு சீட்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தமிழ் உண்டு. என்னிடம் பேசுவது ஒன்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரியாதையாக, அளவாக, ஆபீஸ் மெயில் மாதிரி இருக்கும். இன்னொன்று, சவூதியில் தம்மாமிலிருந்து போன் வந்தால் மட்டும் வெளியே வருகிற திருநெல்வேலித் தமிழ். "ஏலே, என்னலே" என்று ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். நான் ஈரோட்டுக்காரி. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, அந்த இரண்டாவது தமிழில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்மாமில் இருப்பவர் இவருடைய சிநேகிதர். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே பாலிடெக்னிக், துபாய்க்கு வந்ததும் ஒரே விமானத்தில். தேராவில் ஒரு பழைய கட்டடத்தில், எட்டுப் பேர் தங்கிய ரூமில், மேல் கட்டில் இவருக்கு, கீழ்க்கட்டில் அவருக்கு. பாத்ரூம் ஒன்றுதான். காலையில் டியூட்டிக்குக் கிளம்ப வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அந்த ரூம் டிவியில் விளையாட்டு என்று ஓடியது அமெரிக்க பேஸ்பால் மட்டும்தானாம். அங்கே சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் நமக்கு விடிந்த பிறகு தெரியும். இது என்ன கிறுக்கு ஆட்டம் என்று முதலில் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு பாத்ரூம் காலியானாலும் எழுந்து போகாமல் மற்றவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் ஏதோ ஒரு ஊரின் அணி இவர்களுடைய அணியாகிவிட்டது. இதெல்லாம் நான் வருவதற்கு முன்பு நடந்தவை. அந்தக் கதையைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் தம்மாமில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போனவர் போனவராக இருக்கவில்லை. அங்கே எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, யார் யாரையோ பிடித்து உள்ளே போக அனுமதி வாங்கி, இவரை வரவழைத்தார். சின்னப் பிள்ளைகள் ஆடுகிற மைதானம். அதைப் பார்க்க என் வீட்டுக்காரர் விமானம் ஏறிப் போனார். கல்யாணமாகி அப்போது ஆறு மாதம். திரும்பி வந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்ற போட்டோவை எனக்குக் காட்டினார். நான் பார்த்தது மைதானத்தை அல்ல, இவருடைய பல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு படத்தில்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. துபாயில் ஊருக்கு வெளியே மணலில் பேஸ்பாலுக்கென்று மைதானம் போட்டபோது அவர் அங்கிருந்து வந்தார். ஜப்பானுக்குப் போனார்கள், கொரியாவுக்குப் போனார்கள், தைவானுக்குப் போனார்கள். இவருடைய வருஷ லீவு என்றால் எனக்கும் மகளுக்கும் ஈரோடு, திருநெல்வேலி, நாலு கல்யாண வீடு, இரண்டு துக்க வீடு. மிச்ச நாள் ஸ்டேடியத்துக்கு. விசா, டிக்கெட், எந்த ரயிலில் ஏற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது, எல்லாம் தம்மாம்காரர் பார்த்துக்கொள்வார். இவர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தொப்பி வரும். நான் இங்கே ஒரு பார்மசியில் வேலை பார்க்கிறேன். தலை நிறையப் பூ வைக்கத்தான் வழியில்லை, தொப்பியாவது வைத்துக்கொள் என்று நினைத்தாரோ என்னவோ. "அப்பா இஸ் ஆன் எ டேட் வித் மாமா" என்பாள் மகள். எனக்குச் சிரிப்பு வராது.

இங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று ஒன்று எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. காலை ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்காருவார். தம்மாமில் அப்போது ஐந்து. அங்கே ஞாயிறு வேலை நாள், அதனால் அவர் பாதி ஆட்டத்தை ரூமிலும் பாதியை டியூட்டி பஸ்ஸிலும் போனில் பார்ப்பார். இந்த ஆட்டத்தில் ஏழாவது சுற்றின் நடுவில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைகாலை நீட்டிக்கொள்வது ஒரு சம்பிரதாயம். அந்த நேரம் வந்தால் இவர் லுங்கியோடு ஹாலில் எழுந்து நிற்பார். காதில் போன் இருக்கும். அங்கே அவர் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நிற்பாராம், கூட வருகிறவர்கள் இறங்கப் போகிறார் என்று நினைத்து வழி விடுவார்களாம். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. சும்மா நிற்பார்கள். நான் காபியோடு அடுக்களை வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரோடு நிற்க முடிகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். என்னோடு பேசாமல் இருந்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

போன வருஷம் கல்யாண நாள் வந்தபோது கேட்டுவிட்டேன். "ஏனுங்க, உங்க டீமோட ஊருக்கு நீங்க இன்னும் போகவே இல்லைங்களே."

"அது பெரிய செலவாச்சே. அவனுக்கும் எனக்கும் லீவு சேர்ந்து வரணும்."

"அவரு எதுக்குங்க? நம்ம ரெண்டு பேரும் போலாம்."

இவர் காபியைக் கீழே வைத்தார். அந்த ஊர் மைதானத்தை அவர்கள் கடைசியாக வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகு சேர்ந்து போவது என்று தேரா ரூமிலேயே பேசி வைத்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தம்மாமுக்குப் போன் போட்டார். நான் துணி மடிப்பது போல அருகிலேயே நின்றேன். இவர் விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னார். பிறகு, "இதுக்கு என்னத்துக்குலே இழுக்க? தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிட்டு வா. நான் எப்பவேனாலும் போய்க்குவேன்" என்றது ஸ்பீக்கரில் கேட்டது. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்ட பிறகும் அது அவருடையதாகவே இருந்தது.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். இந்தப் பயணத்தில் அவர் கை படக் கூடாது. டிக்கெட், ஹோட்டல், விமானம் எல்லாம் நான்தான் போடுவேன், தம்மாமுக்கு எதையும் சொல்லக் கூடாது, யோசனை கேட்கவும் கூடாது. இவர் சரி என்றார். "எந்த ஆட்டங்க?" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஆட்டம்தான், வேற எது" என்றார். இவர் போனில் அட்டவணையைத் திறந்தேன். ஞாயிறு, காலை ஆறு என்று இருந்தது. அது துபாய் மணி என்பது எனக்குத் தெரியாதா என்ன, அங்கே சாயங்காலம் ஏழு என்று கணக்குப் போட்டேன். அதையே தொட்டு, மூன்றாவது பேஸுக்கு, அதாவது ஆடுகளத்தின் இடது மூலைக்குப் பின்னால் இரண்டு சீட் எடுத்தேன். வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூடப் பார்த்தேன். இங்கிருந்து சனிக்கிழமை இரவு விமானம், அங்கே ஞாயிறு காலை இறங்கும். மகளை ஷார்ஜாவில் என் தங்கை வீட்டில் விட்டோம்.

விமானத்தில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்நேரம் தம்மாமில் ஒரு மனுஷன் தனியாக இருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். பாவமாக இல்லை, சுகமாகத்தான் இருந்தது.

இறங்கியதும் ஹோட்டலுக்குப் போய்ப் படுத்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கிளம்பினோம். அணியின் சட்டையை இவர் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தார், எனக்கும் ஒன்று. மைதானம் தெரிகிற தெருவில் திரும்பியபோது எதிரே கூட்டம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதே சட்டை. குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் அப்பா தோளில் கிடந்தன. நாங்கள் மட்டும் அவர்களுக்கு எதிராக நடந்தோம். வாசலில் ஒரு வயதான பெண்மணி தடுப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் போனில் டிக்கெட்டைக் காட்டினார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். இது நேற்றைய ஆட்டம் என்றாள். இன்றைக்கு ஆட்டம் மத்தியானமே தொடங்கி இப்போதுதான் முடிந்தது, அணி இன்று ராத்திரி ஊரைவிட்டுப் போகிறது, திரும்பி வர பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றும் சொன்னாள். நல்லவள்தான், இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம்தானே" என்றார் இவர் என்னைப் பார்த்து. இத்தனை வருஷம் இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த ஆட்டம் எல்லாம் அந்த ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் நடந்தவை. அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானமே ஆடி முடித்துவிடுவார்களாம். ஒரு ஆட்டம் நாங்கள் வானத்தில் இருந்தபோது போய்விட்டது, இன்னொன்று ஹோட்டலில் தூங்கியபோது. டிக்கெட்டில் சனிக்கிழமை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் சீட் நம்பரைத்தான் பார்த்திருந்தேன்.

வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனில் டிக்கெட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அவன் டிக்கெட் போடும்போது ஒரு நாளக் கொறச்சுக் கணக்குப் போடுவான்" என்றார். அப்போதும் வாயில் முதலில் வந்தது அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு செய்ததற்காக வந்த அழுகை இல்லை அது.

அந்த நேரம் பார்த்து இவர் போன் அடித்தது. தம்மாம். அங்கே திங்கட்கிழமை இன்னும் விடிந்திருக்காது, டியூட்டிக்கு எழுந்தவுடன் கூப்பிடுகிறார். எடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் எடுத்துவிட்டார்.

"எங்கலே போயிட்டே? நேத்துலருந்து அடிக்கேன், போனே போகல" என்றார் அவர். "உங்க ரெண்டு பேரயும் டிவில பாக்கணும்னு நேத்து லீவு போட்டேன்லே. மூணாவது பேஸுக்குப் பின்னால ரெண்டு சீட்டு காலியாக் கெடந்துச்சு. அது உங்க சீட்டு மாரியே இருந்துச்சே."

இவர் என்னைப் பார்த்தார். சீட் எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இவர்தான் நிபந்தனையை மீறிச் சொல்லியிருக்கிறார். கேட்கிற நிலைமையில் நான் இல்லை. இப்போது உண்மையைச் சொல்வார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள், சாகிறவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாங்க மேல போயிட்டோம்லே" என்றார் இவர். "கீழ ஒரே காத்து. அவளுக்குக் குளிர் ஒத்துக்கல."

"அதான பாத்தேன். அந்தக் கடைசிப் பந்து பாத்தியாலே? சுவத்துல ஏறிப் புடிச்சானே."

"பாத்தேன்."

"சத்தம் எப்படிலே இருந்துச்சு? டிவில காது அடைச்சிப் போச்சு."

இவர் மூடிய வாசலைப் பார்த்தார். "சொல்ல முடியாதுலே" என்றார். "ஒரே சத்தம்."

அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். புல் டிவியில் தெரிகிற அதே பச்சையா, அங்கிருந்து கடல் தெரிந்ததா, தங்கச்சிக்குப் பிடித்திருந்ததா. எல்லாவற்றுக்கும் இவர் ஆமா, ஆமா என்றார். குளிக்க நேரமாகிவிட்டது என்று அவர் வைக்கும்வரை.

போனைச் சட்டைப் பையில் போட்டார். "அவன்ட்ட நான் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

எனக்காகச் சொன்ன பொய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடாமல் காப்பாற்றச் சொன்ன பொய். இனி இவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது, தம்மாம்காரர் அதற்கு வெளியே நிற்கிறார். இத்தனை வருஷமாக நான் கேட்டது இதைத்தான். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாகக் கையைப் பிடித்தேன். இவர் கை என் பிடியில் அசையாமல் கிடந்தது. முகத்தைப் பார்த்தேன். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னிடம் இவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் லேட் என்று, உன் போன் வரவே இல்லை என்று, குழம்பு நன்றாக இருக்கிறது என்று. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஒன்றுக்காவது முகம் இப்படி ஆனதில்லை.