அக்கா சரித்த ஐந்து கல்லடுக்குகள்

மலையேறும் வழியில் யாராவது கற்களை அடுக்கி வைத்திருந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். மேலே இன்னொரு கல்லை வைத்துவிட்டுத்தான் நகர்வேன். என்னோடு வரும் அக்காவுக்குக் கால் துறுதுறுக்கும். ஒரே உதை. அக்கா கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ். நான் நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். இருவருக்கும் ஒரே நாளில் லீவு வாய்த்தால் நடக்கக் கிளம்பிவிடுவோம்.

"மலையப் பாக்க வந்தா பாத்துட்டுப் போகோணும். கல்ல அடுக்கி வெக்கறதுக்கு இதென்ன அவங்க ஊட்டுத் தோட்டமா?" என்பார். கல்லுக்கு அடியில் குடியிருக்கும் தவளையும் பூச்சியும் எங்கே போகும் என்றும் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே உள்ள புல்மலையில் ஏறினோம். உச்சியில் ஒரு சின்னக் கோயில். எஸ்டேட் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கப் போவார்கள். மற்ற நாட்களில் புல் வழியை மூடிவிடும். ஏறும்போது ஐந்து இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. ஐந்தையும் அக்கா சரித்தார். "விடுங்க்கா, வழிக்கு வெச்சிருப்பாங்க" என்று ஒருமுறை சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

கோயில் வாசலில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூடுபனி ஏறிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உத்தேசமாக இறங்கினோம். சட்டென்று அக்காவின் காலுக்கு முன்னால் பாறை முடிந்து, கீழே வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். தட்டுத்தடுமாறிக் கோயிலுக்கே திரும்பினோம். ஃபோனில் சிக்னல் இல்லை.

அக்கா உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு எழுந்தார்.

"தள்ளிவுட்டது நாந்தான? நானே தேடறேன். வா கண்ணு."

கடைசியாகச் சரித்தது கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கற்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வெயிலும் மழையும் பட்ட பக்கம் சாம்பல் பூத்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்த பக்கம் வெளுத்திருந்தது. அக்கா மண்டியிட்டு அதை மறுபடி அடுக்கினார். அவர் வழி தவறாமலிருக்க நான் அங்கேயே நின்றேன். அவர் பனிக்குள் நடந்தார்.

"இருக்கியா கண்ணு?"

"இருக்கேனுங்க்கா!"

என் குரல் மங்கினால் திரும்பி வந்து வேறு பக்கம் போவார். அப்படித்தான் அடுத்தது கிடைத்தது. அதை அடுக்கியதும் நான் அங்கே போய் நின்றுகொண்டேன். மூன்றாவதற்கு ஏழெட்டு முறை போய் வந்தார். புல்லில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். நான் போகிறேன் என்றாலும் விடவில்லை. நான்காவதை அடுக்கும்போது அவர் விரல்கள் விறைத்திருந்தன. கல்லை நான் பிடித்துக்கொள்ள, அவர் பொருத்தினார்.

ஐந்தாவதையும் நிறுத்திவிட்டு இறங்கியபோது பனிக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"தேயிலைச் செடி கண்ணு! தேயிலைச் செடி!"

ஓடிப் போனேன். ஐம்பது வயது நர்ஸ் இரண்டு கைகளாலும் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நானும் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன்.

ரோட்டோர டீக்கடையில் அத்தனை பேரும் எங்கள் சேற்றுக் கோலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "அஞ்சையும் தள்ளிவுட்டதும் நாந்தானுங்க, அஞ்சையும் நிறுத்துனதும் நாந்தானுங்க" என்று கடைக்காரரிடம் நிமிர்ந்து நின்று சொன்னார்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டீயை ஆற்றி முதல் கிளாஸை அக்காவிடம்தான் நீட்டினார்.