பொழுது சாயாத கோட்டை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் தேவிப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பேருக்குத்தான் அரை நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் வாசிப்புக் கூட்டத்தில் சேரப் போனை எடுத்தாள். அந்தக் காலத்து மாயாஜால நாவல் ஒன்றை வாரம் ஓர் அத்தியாயமாக வாசித்து, ஆன்லைனில் கூடிப் பேசுகிற கூட்டம் அது. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன வாசிப்பு அவளுக்கு அங்கேதான் திரும்பக் கிடைத்திருந்தது.

இந்த வாரம், கோட்டை கட்டி முடியும்வரை சூரியன் மறையக் கூடாதென்று அரசன் வரம் வாங்குகிற அத்தியாயம். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று ஆளாளுக்கு உருகிக்கொண்டிருந்தார்கள். தேவிப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. மைக்கைத் திறந்தாள்.

"ஏனுங்க, பொழுதே சாயலீன்னா கல்லுச் சுமந்த சனமெல்லாம் எப்பங்க ஊட்டுக்குப் போச்சு?"

சிலர் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்துகிற சென்னைக்காரர், "அக்கா, இது வெறும் கதைதானே?" என்றார்.

"அதனாலதாங்க கேக்கறேன். கம்பெனியில கேக்க முடியாதுங்க."