ஐந்து காலிக் கட்டங்கள்

1997 நவம்பர் 12, புதன்கிழமை, காலை பத்து இருபது. விடியலிலிருந்து பெய்த மழை தூறலாகியிருந்தது. அடையாறில் ஒரு வீட்டு மாடியறையில் ஏழு காடுகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்றேன். புலி பிழைக்க எந்தக் காட்டை முதலில் காக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் சிறு குழு அது. முதல் மூன்று காடுகளுக்குத்தான் காவலுக்குப் பணம் கிடைக்கும். புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்ற நான், மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து சம்பளமில்லாமல் கூட்டிக் கழித்துக் கொடுத்தேன்.

புலி இருக்க வேண்டுமானால் மான் இருக்க வேண்டும். ஒவ்வொரு காட்டிலும் பன்னிரண்டு நேர்கோடுகள் குறித்து, காவலர்கள் நடந்து மான் புழுக்கைக் குவியல்களை எண்ணி அனுப்புவார்கள். கோட்டுக்கு ஒரு படிவம், அதில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம்.

ஆறாம் இடத்தில் இருந்த காட்டின் வேட்டைத் தடுப்புக் காவலர் பயிற்சிக்காக வந்திருந்தார். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பட்டியலை வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, நம்ம காட்டுக்கு அஞ்சு முட்டை போட்டிருக்கீங்களே?"

"நீங்க காலியா விட்ட கட்டம்தான்."

"அங்க நான் நடக்கவே இல்லீங்க. மானு இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"நடக்காதது உம்ம சோம்பேறித்தனம். அதுக்குக் காரணமாவது எழுதினீரா? படிவம் நிரப்பத் தெரியாதவர் கணக்கைப் பத்திப் பேசக்கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க" என்றார்.

காலிக் கட்டம் விட்டால் பின்னால் எவனாவது எண்ணை எழுதிவிடுவான், சுழி போட்டு மூடு என்பது அலுவலகத்தில் முதல் வாரமே கற்றது. காலிக் கட்டத்தைக் கண்டால் என் பேனா தானாகவே சுழி போட்டுவிடும்.

அன்று மாலை வீட்டில் அந்தப் படிவங்களைத் திருப்பினேன். ஐந்தின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரே வரி: 'குட்டியோட யானைக் கூட்டம். போகலீங்க.' இத்தனை நாளும் நான் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எண்பத்து நான்கு குவியல்களைப் பன்னிரண்டால் வகுத்திருந்தேன்: ஏழு. நடந்த கோடுகள் ஏழுதான். அப்படி வகுத்தால் பன்னிரண்டு. அந்தக் காடு இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும்.

"ஏன்னா, காபி ஆறிப் போறது. அதையே எத்தனை தரம் எண்ணுவேள்?" என்றாள் என் மனைவி.

"சரியா இருக்கான்னு பார்க்கறேன்."

"நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காவலர் ஊருக்குத் திரும்பட்டும், அந்த எட்டுப் பேருக்கும் மறந்துபோகட்டும் என்று ஒன்பது நாள் கடத்தினேன். அந்த நாட்களில் இரண்டு தடவை அந்த அறைக்குப் போய், அந்தப் பட்டியலின் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தேன்.

பத்தாம் நாள், குழுவை நடத்திய பெண்ணிடம் படிவங்களைக் குப்புறப் போட்டுக் காட்டினேன். அவள் ஐந்தையும் படித்தாள்.

"பணம் தர்றவங்க நேத்து மத்தியானம் முடிவு பண்ணிட்டாங்க சார். மூணு காடு. இனி அடுத்த வருஷம்தான்." படிவங்களை அடுக்கிக்கொண்டே, "நீங்க போட்ட கணக்குன்னுதான் நான் மறுபடி பார்க்கலை" என்றாள்.

அந்தக் காட்டின் காவல் முகாம் தை மாதத்தில் மூடப்பட்டது. காவலர் வேலையிழந்தார். என்ன செய்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

திருத்திய பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினேன். அவருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். எட்டுப் பேர் முன்னால் ஏசியவன், உறைக்குள் வைத்து மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. தட்டச்சு இருபத்தெட்டு, நகல் பதினைந்து, பதிவுத் தபால் பதினெட்டு, பஸ் இரண்டரை. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.