சிக்னல் இல்லாத ஊட்டுக்காரி

எங்கள் மிளகு விவசாயிகள் குழுவுக்கு அக்கா தலைவி, நான் செயலாளர். சொந்தமில்லை, பக்கத்துத் தோட்டம், அதனால் அக்கா. கூட்டத்தில் பேச வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோகும். எல்லோரும் திறந்து பார்க்கிற மாதிரி போனில் ஒரே பக்கமாக வைத்துவிடலாம் என்று முடிவானது.

சேந்தமங்கலத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு ஆப் காட்டினார். ஒன்று சிக்னல் இல்லாமலும் திறக்கும். இன்னொன்றுக்குச் சிக்னல் வேண்டும். ஆனால் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும். மலைமேல் இருக்கும் எங்களுக்கு முதலாவதுதானே சரி? அக்கா மட்டும் இரண்டாவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"உங்க ஊட்டுலயே சிக்னல் கெடையாதுங்களே," என்று ஒருவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

திரும்பி நடக்கையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுத்தெல்லாம் கலங்குது கண்ணு. சக்கரை கண்ணுக்கு ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பார்வை இனிமே திரும்பாதாம். யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டாவதற்காக வாதாடினேன். காரணம் கேட்டார்கள், வயசானவர்களுக்கு உதவும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் அக்கா சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய், போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வருவார். கூட்டத்தில் ஒரு விஷயம்கூட விடாமல் பேசுவார்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்காவுக்கு மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. ஒரு கூட்டத்தில், கேள்வி கேட்டுவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய்விட்டவரின் காலி நாற்காலியைப் பார்த்து அக்கா வெகுநேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவர், முன்பு சிரித்த அதே ஆள்தான். அக்கா பேசி முடித்ததும் ஜன்னலோரத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நா இங்க இருக்கறனுங்க," என்றார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அவரை அழைத்துப் போனாள். பஸ் ஏறுமுன், "அந்த ஆப்புல இருந்து எம் பேர எடுத்துரு சாமி. எம் போனு இனி மக கையிலதான் இருக்கும், கூட்டச் சேதி அதுக்கு வந்துட்டே இருந்தா மனசு கேக்காது," என்றார். அங்கேயே நின்று எடுத்தேன். "எடுத்தாச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க்கா," என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் விஷயமாகப் புதிய தலைவர் தேர்வு என்று எழுதினேன். எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை.