சின்யோராவோடு போட்ட வாள்சண்டை

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் லிபெர்த்தா பகுதியில் ஒரு மூதாட்டியைப் பராமரிப்பது என் வேலை. அந்த ஊர் வழக்கப்படி, அம்மணி என்ற பொருளில், சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சையும் முடிந்து, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நாற்காலியை விட்டு எழும்பமாட்டார். தரை வழுக்குகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! மகனோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா நடக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டார். சின்யோரா அங்கே போனால் என் வேலை போகும். வேலை போனால், நாட்டில் இருக்கவிடும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

சின்யோராவுக்கு உயிர் ஒரு பழைய ஹாலிவுட் நடிகர். மத்தியானத்தில் தொலைக்காட்சியில் அந்த ஆளின் கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் மருந்துகூட வேண்டாம். மெல்லிய மீசை. பாய்மரக் கயிற்றில் தொங்கிக் குதித்து, சிரித்துக்கொண்டே வாள் வீசுவார். பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் விசிலடிக்கு நடுவே நாங்கள் பார்த்த தமிழ்க் கதாநாயகர்கள் எல்லோரும் இவரிடம் களவெடுத்த சிரிப்பைத்தான் சிரித்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது சின்யோராவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அவர் உண்மையிலை வாள்வீரனே இல்லை," என்றார். "சினிமாவுக்கு வாறதுக்கு முதல் கப்பலிலை கூலி வேலை செய்தவர். பிறகு குடிச்சு உடம்பைக் கெடுத்து, வயசாக முதலே செத்துப்போனார். ஆனா வாளோடை நிண்டால் ஆரெண்டாலும் நம்புவினம்."

"அப்ப நீங்களும் ஒருக்கா எழும்பி நில்லுங்கோவன்," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு மகன் வந்தார். சின்யோரா எழும்பவில்லை. தரை வழுக்குது என்ற அதே பாட்டு. மகன் பெருமூச்சு விட்டு, இல்லத்தோடு எல்லாம் பேசிவிட்டேன் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. குசினிக்குள் ஓடி, தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்துவந்து, நடைவழியின் மறுகோடியில் காலை அகட்டி நின்று, தடியை வாள்போலச் சின்யோராவை நோக்கி நீட்டினேன்.

"உங்கட ஆள் பயந்தாங்கொள்ளி, சின்யோரா! எங்கட ஆக்களெண்டால் சண்டைக்கு நடுவிலை பாட்டும் பாடுவினம்!"

தன்னை என்ன சொன்னாலும் சின்யோரா பொறுப்பார். அந்த நடிகரைச் சொன்னால் பொறுப்பாரா?

"வாறன், நில்லு!" ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். ஓர் அடி வைத்து ஊன்றினார். பிறகு இன்னோர் அடி. பிடிக்க ஓடிவந்த மகனைக் கோலாலேயே விலக்கினார். என்னிடம் வந்து சேர்ந்ததும் தும்புத்தடியில் ஓங்கி ஒரு அடி. தடி கைநழுவித் தரையில் விழுந்தது. சத்தியமாக நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கோலை உயர்த்தியபடி, எதையும் பிடிக்காமல், தன் இரண்டு காலில் நின்றார் சின்யோரா. "தடியை எடு. வெறுங்கையோடை நிக்கிற ஆளை என்ரை ஆள் வெட்டமாட்டார்."

எனக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. மகன் அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இல்லத்துக்கு என்ன சொல்லுறது, அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"உனக்குப் பிடிச்சிருந்தால் நீ போய் இரு," என்றார் சின்யோரா. "இவள் இஞ்சை நிப்பாள். சண்டை இன்னும் முடியேல்லை."